லீவுக்கு வந்தவர்களும் காலாவதியான விசாவும்

1914 மார்ச் 17. சென்னைத் துறைமுகத்தில் இருந்து நெவாசா என்ற கப்பல் இங்கிலாந்துக்குக் கிளம்புகிறது. அதில் 26 வயது இளைஞர் ஒருவர் போகிறார். ஓராண்டுக்கு முன்பு வரை இதே துறைமுகத்தின் கணக்குப் பிரிவில், மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் கிளார்க்காக இருந்தவர். பெயர் ராமானுஜன். ஆமாம், அந்தக் கணித மேதை ராமானுஜனே தான். (காமர்ஸ் மாணவர்கள் காலரைத் தூக்கி விட்டுக் கொள்ளலாம். அவர் பார்த்தது அக்கவுண்ட்ஸ் வேலை!)

இந்தப் பயணத்தைப் பற்றிப் பேசுபவர்கள் எல்லாரும் கடல் கடக்கக் கூடாது என்ற ஆசாரத்தைப் பற்றிப் பேசுவார்கள், அம்மா சம்மதித்த கதையைச் சொல்வார்கள், குடுமியை எடுத்த கதையைச் சொல்வார்கள். யாரும் கேட்காத ஒரு கேள்வி உண்டு. அவருடைய ஸ்டூடண்ட் விசா எத்தனை வருடத்துக்கு?

விடை: அப்படி ஒன்று கிடையாது. விசாவும் இல்லை, வரிசையும் இல்லை, கைரேகையும் இல்லை. பிரிட்டிஷ் ராஜ்ஜியத்தின் ஒரு துறைமுகத்தில் ஏறி இன்னொரு துறைமுகத்தில் இறங்கினார், அவ்வளவு தான். ஏப்ரல் 14 அன்று லண்டன் போய்ச் சேர்ந்தார். சென்னைப் பல்கலைக்கழகம் இரண்டு வருடத்துக்கு, வருடத்துக்கு 250 பவுண்ட் உதவித்தொகை கொடுத்திருந்தது. இரண்டு வருடம் முடிந்தபோது நீட்டிக்க வேண்டி வந்தது அந்த உதவித்தொகையைத் தான். அதை நீட்டித்தார்கள், அவரும் இருந்தார். "ஏன் இன்னும் இருக்கிறாய்?" என்று கேட்க ஒரு அதிகாரியும் இல்லை.

ஆனால் அவர் போன அதே வருடம் ஆகஸ்டில் முதல் உலகப் போர் வெடித்தது. செப்டம்பர் 22 இரவு எம்டன் கப்பல் வந்து சென்னைத் துறைமுகத்தின் மேல் குண்டு போட்டு, பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் எரிந்த கதை வடசென்னையில் எல்லாருக்கும் தெரியும். அதற்குப் பிறகு கடலில் நீர்மூழ்கிக் கப்பல் பயம். நினைத்தவுடன் ஊருக்கு வந்து போக முடியாத நிலை. ராமானுஜன் திரும்பி வந்தது 1919-ல் தான்.

அந்தப் போர் தான் பாஸ்போர்ட்டையும் விசாவையும் இன்றைக்கு நமக்குத் தெரிந்த வடிவத்தில் கொண்டு வந்தது. உளவாளி வந்து விடுவானோ என்ற பயம் தான் காரணம். இந்தியாவில் 1917-ல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பாஸ்போர்ட் விதிகள் வந்தன. போர் முடிந்ததும் எடுத்து விடுவார்கள் என்று பார்த்தால், 1920-ல் பாஸ்போர்ட்டுக்கென்றே தனிச் சட்டம் போட்டார்கள். அதே ஆண்டு அக்டோபரில் சர்வதேச சங்கம் பாரிஸில் ஒரு மாநாடு கூட்டி, எல்லா நாட்டுக்கும் ஒரே மாதிரியான பாஸ்போர்ட் புத்தகம் எப்படி இருக்க வேண்டும் என்று முடிவு செய்தது. தற்காலிகம் என்று சொல்லிக் கொண்டு வந்த காகிதம் நிரந்தரம் ஆகி விட்டது. நம் ஊரில் தற்காலிகம் என்று போட்ட ஷெட் மாதிரி!

கப்பல் காலத்தில்

துறைமுகத்தில் இருந்து மலாயா, சிங்கப்பூர் போன கப்பல்களின் கதை வடசென்னைக்குப் பழக்கமானது. அதில் புகழ் பெற்றது ரஜூலா. 1926-ல் கட்டிய கப்பல். சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று 1970-களின் தொடக்கம் வரை ஓடியது. டெக்கில் பாய் விரித்துப் படுத்துக் கொண்டு போனவர்கள் அத்தனை பேர். போய் இறங்கினால் நேராக ஊருக்குள் போக முடியாது. டெக் பயணிகளைப் பினாங்குப் பக்கம் ஜெரஜாக் தீவிலும், சிங்கப்பூர்ப் பக்கம் செயின்ட் ஜான்ஸ் தீவிலும் குவாரன்டைனில் வைப்பார்கள். குவாரன்டைன் என்ற சொல்லை 2020-ல் தான் கற்றுக் கொண்டோம் என்று நினைப்பவர்கள் தாத்தாக்களைக் கேட்டுப் பார்க்கலாம்.

ஆரம்பத்தில் வருவதும் போவதும் கப்பல் டிக்கெட் விஷயமாகத் தான் இருந்தது. 1953-ல் மலாயாவில் புதிய குடிவரவுச் சட்டம் நடைமுறைக்கு வந்த பின் நிலைமை மாறியது. பல வருடம் அங்கேயே இருந்தவர் கூட, கல்யாணத்துக்கோ கருமாதிக்கோ ஊருக்கு வந்தால், திரும்பிப் போவதற்கென்று தனி அனுமதிச் சீட்டு கையில் இருக்க வேண்டும். அது காலாவதி ஆவதற்குள் கப்பல் ஏற வேண்டும். அங்கே வீடு இருக்கிறது, வேலை இருக்கிறது, பிள்ளை குட்டி இருக்கிறது என்பதெல்லாம் ஒரு பக்கம். காகிதத்தில் தேதி இருக்கிறதா என்பது இன்னொரு பக்கம்.

இங்கே தான் இந்தக் கட்டுரையின் விஷயம் தொடங்குகிறது. ஒரு நாட்டுக்குள் இருக்கும் அனுமதி வேறு, அந்த நாட்டின் வாசலைத் தாண்டும் அனுமதி வேறு. உள்ளேயே இருக்கும் வரை இந்த வித்தியாசம் யாருக்கும் தெரியாது. லீவுக்கு ஊருக்கு வந்தால் தான் தெரியும்.

அமெரிக்கக் கணக்கு

இந்த வித்தியாசத்தைச் சட்டமாகவே எழுதி வைத்திருக்கும் நாடு அமெரிக்கா. 1924 குடிவரவுச் சட்டத்தில் தான் மாணவர் என்று ஒரு தனி வகை முதலில் தெளிவாக வந்தது. 1952 சட்டம் அதற்கு எஃப் என்ற எழுத்தைக் கொடுத்தது. இன்று வரைக்கும் அதே எழுத்து தான். அந்தச் சட்டத்தில் ஒரு நிபந்தனை: வெளிநாட்டில் தனக்கு ஒரு வீடு இருக்க வேண்டும், அதை விட்டு விடும் எண்ணம் மாணவருக்கு இருக்கக் கூடாது. அதாவது, படித்து முடித்துத் திரும்பி விடுவேன் என்று அதிகாரியை நம்ப வைக்க வேண்டும். விசா கேட்பவர் குடியேறத் தான் வருகிறார் என்று எடுத்துக் கொள், இல்லை என்று நிரூபிக்க வேண்டியது அவர் பொறுப்பு.. இது தான் அந்தப் பிரபலமான 214(பி). அண்ணா சாலை மேம்பாலத்துக்குப் பக்கத்தில் இருக்கும் தூதரகத்தில் இருந்து முகம் தொங்கி வெளியே வந்தவர்களில் பெரும்பாலானோர் கையில் இருந்த காகிதத்தில் இந்த எண் தான் இருந்திருக்கும்.

சரி, ஒருவருக்கு விசா கிடைத்துப் போய் விட்டார். பாஸ்போர்ட்டில் ஒட்டிய விசாவின் தேதி முடிந்து விட்டது. பயப்பட வேண்டியதில்லை. கல்லூரி கொடுக்கும் ஐ-20 சரியாக இருந்து, ஒழுங்காகப் படித்துக் கொண்டிருந்தால், காலாவதியான விசாவோடு அமெரிக்காவுக்குள் இருப்பது குற்றமே இல்லை. ஆனால் எஃப் விசாவை அமெரிக்காவுக்குள் இருந்து கொண்டு புதுப்பிக்க முடியாது. வெளியே வந்து தான் புது விசா வாங்க வேண்டும். அப்படி வாங்கும்போது மறுபடி இன்டர்வியூ, மறுபடி அதே 214(பி). மூன்று வருடம் ஆராய்ச்சி செய்து, பாதி தீசிஸ் எழுதி வைத்து விட்டு வந்தவரும், இன்னும் விமானமே ஏறாதவரும் ஒரே வரிசையில் நிற்க வேண்டும். இருவருக்கும் ஒரே கேள்வி.

வேலைக்கான எச் விசா போன்ற சில வகைகளுக்கு ஒரு காலத்தில் உள்ளேயே தபாலில் அனுப்பிப் புதுப்பிக்கும் வசதி இருந்தது. கைரேகை எடுக்க வேண்டும் என்ற விதி வந்ததால் 2004 ஜூலையில் அதையும் நிறுத்தினார்கள். பின்னால் 2024-ல் ஒரு சின்ன சோதனை முயற்சியாக எச்1பி-க்கு மட்டும் செய்து பார்த்தார்கள். மாணவர்களுக்கு அந்தக் கதவு எப்போதும் இருந்ததில்லை.

ஒரு குறுக்கு வழி மட்டும் உண்டு. கனடாவுக்கோ மெக்சிகோவுக்கோ 30 நாட்களுக்குள் போய் வந்தால், காலாவதியான விசாவையே செல்லும் என்று எடுத்துக் கொள்வார்கள். அந்த நேரத்தில் அங்கே புது விசாவுக்கு விண்ணப்பித்தால் மட்டும் இந்தச் சலுகை போய் விடும். இந்தக் கடைசி நிபந்தனை 2002-ல் சேர்ந்தது. அதற்கு முன் பலர் கனடா போய் விண்ணப்பித்துப் பார்ப்பார்கள். கிடைத்தால் சரி, கிடைக்காவிட்டாலும் பழைய விசாவோடு திரும்பி விடுவார்கள். 2002-க்குப் பிறகு, கிடைக்காவிட்டால் அங்கேயே மாட்டிக் கொள்ள வேண்டியது தான்.

ஏன் 2002? காரணம் ஊருக்கே தெரியும். 2001 செப்டம்பர் 11. அந்தத் தாக்குதலுக்குச் சரியாக ஆறு மாதம் கழித்து, 2002 மார்ச்சில் ஃப்ளோரிடாவில் ஒரு விமானப் பயிற்சிப் பள்ளிக்குத் தபாலில் ஒரு காகிதம் வந்தது. முகமது அட்டாவுக்கும் இன்னொருவருக்கும் மாணவர் அந்தஸ்து அனுமதிக்கப்பட்டது என்று! இரண்டு பேரும் விமானத்தை மோதிச் செத்து ஆறு மாதம் ஆகி விட்டிருந்தது. அமெரிக்க அரசுக்கு இதை விடப் பெரிய அவமானம் இல்லை. அடுத்த வருடமே செவிஸ் என்ற கணினி முறை கட்டாயம் ஆனது. மாணவர் எந்தக் கல்லூரி, எத்தனை பாடம், எந்த முகவரி எல்லாம் அதில் ஏறியாக வேண்டும்.

அதோடு நிற்கவில்லை. அறிவியல், தொழில்நுட்பம் படிப்பவர்களின் விண்ணப்பங்களை வாஷிங்டனுக்கு அனுப்பிச் சரிபார்க்கும் முறை ஒன்றும் கடுமையானது. அதற்குச் சராசரியாக 67 நாட்கள் ஆனதாக அமெரிக்கத் தணிக்கை அமைப்பே 2004-ல் அறிக்கை கொடுத்தது. கிறிஸ்துமஸ் லீவு எத்தனை நாள்? மூன்று வாரம். 67 நாள் என்றால் ஒரு செமஸ்டரில் பாதி போச்சு.

சென்னைத் தூதரகமும் செய்தியில் அடிபட்டது. 2006 பிப்ரவரியில், பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் முன்னாள் இயக்குநர் கோவர்தன் மேத்தா ஃப்ளோரிடா பல்கலைக்கழக அழைப்பின் பேரில் போக விண்ணப்பித்தார். வேதியியல் பேராசிரியர். அவருடைய ஆராய்ச்சி ரசாயன ஆயுதத்துக்குப் பயன்படுமா என்ற ரீதியில் கேள்வி கேட்டு நிறுத்தி வைத்தார்கள். பெரிய பிரச்சனை ஆனது. அமெரிக்கத் தரப்பு வருத்தம் தெரிவித்து விசாவும் கொடுத்தது. அவர் போகவில்லை. அவருக்குப் போகாமல் இருக்க முடிந்தது. பாதிப் படிப்பை அங்கே வைத்து விட்டு வந்தவருக்கு அந்த வசதி கிடையாது.

2020 ஜனவரி

இவ்வளவும் தனித்தனி ஆட்களின் கஷ்டம். ஒருவருக்கு 67 நாள், இன்னொருவருக்கு ஒரு செமஸ்டர். ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கான மாணவர்கள் "லீவுக்கு வந்தோம், திரும்பிப் போக முடியவில்லை" என்று வருடக் கணக்கில் உட்கார்ந்திருந்தது அமெரிக்காவால் அல்ல, சீனாவால்.

முதலில் ஏன் சீனா? வடசென்னையில் டாக்டர் படிப்பு என்றால் ஸ்டான்லி. ராயபுரம், வண்ணாரப்பேட்டைப் பக்கம் பிறந்த பாதிப் பேருக்கு அந்த ஆஸ்பத்திரியைத் தெரியாமல் இருக்காது. ஆனால் ஸ்டான்லியின் சீட்டு எண்ணிக்கை எவ்வளவு, கேட்பவர்கள் எண்ணிக்கை எவ்வளவு? தமிழ்நாட்டில் 2017 முதல் நீட் மதிப்பெண் தான் எல்லாம். அரசுக் கல்லூரிக்கு மதிப்பெண் போதாது, தனியார் கல்லூரிக்குப் பணம் போதாது என்ற இடைவெளியில் நிற்பவர்கள் தான் ரஷ்யா, உக்ரைன், பிலிப்பைன்ஸ், சீனா என்று பார்ப்பவர்கள். வெளிநாட்டில் படிக்கவும் 2018-க்குப் பிறகு நீட் தகுதி வேண்டும். ஆனால் அங்கே தகுதி பெற்றால் போதும், ரேங்க் வேண்டாம். சீனாவில் 45 பல்கலைக்கழகங்களுக்கு வெளிநாட்டு மாணவர்களுக்கு ஆங்கிலத்தில் எம்பிபிஎஸ் நடத்த அந்நாட்டு அரசு அனுமதி கொடுத்திருந்தது. கொரோனாவுக்கு முன் சீனாவில் படித்த இந்திய மாணவர்கள் சுமார் 23,000 பேர். பெரும்பாலோர் மருத்துவம்.

சீன விசா முறை இப்படி. 180 நாளுக்கு மேல் படிக்கப் போகிறவருக்கு எக்ஸ்1 விசா. அது வாசல் தாண்ட மட்டும். உள்ளே போய் 30 நாளுக்குள் உள்ளூர்ப் போலீஸின் குடிவரவுப் பிரிவில் தங்கும் அனுமதி வாங்க வேண்டும். அந்த அனுமதி தான் உண்மையான சாவி. அது இருந்தால் லீவுக்கு ஊருக்கு வந்து திரும்பிப் போகலாம், புது விசா தேவையில்லை. முடிவதற்கு 30 நாள் முன்பே அங்கேயே போய்ப் புதுப்பிக்க வேண்டும். அமெரிக்காவுக்கு நேர் எதிர்! அமெரிக்காவில் வெளியே வந்தால் தான் புதுப்பிக்கலாம், சீனாவில் உள்ளே இருந்தால் தான் புதுப்பிக்கலாம். வெளியே இருக்கும்போது தேதி முடிந்தால் அனுமதி செத்தது, முதலில் இருந்து எக்ஸ்1 வாங்க வேண்டும்.

சாதாரண வருடத்தில் இது ஒரு தலைவலியே இல்லை. பிப்ரவரியில் போய்ப் புதுப்பித்துக் கொள்ளலாம் என்று சொல்லி விட்டு வந்திருப்பார்கள். 2020-ல் சீனப் புத்தாண்டு ஜனவரி 25. அதற்கு முன்பே குளிர்கால விடுமுறைக்குப் பல மாணவர்கள் ஊருக்கு வந்து விட்டார்கள். ஜனவரி 23 அன்று வூஹான் நகரம் மூடப்பட்டது. அங்கே மாட்டியவர்களை அழைத்து வர ஏர் இந்தியா இரண்டு விமானங்களை அனுப்பியது. பிப்ரவரி 1, 2 தேதிகளில் 647 இந்தியர்களும் 7 மாலத்தீவுக்காரர்களும் டெல்லி வந்து இறங்கினார்கள். பெரும்பாலும் மாணவர்கள், அதில் தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் உண்டு. மானேசரிலும் சாவ்லாவிலும் தனிமை முகாம். அப்போது எல்லாருடைய கவலையும் எப்படி வெளியே வருவது என்பது தான். திரும்பி எப்படிப் போவது என்று யாரும் யோசிக்கவில்லை.

மார்ச் 26 அன்று சீனா அறிவித்தது: 28-ம் தேதி முதல், செல்லுபடியாகும் விசாவோ தங்கும் அனுமதியோ வைத்திருக்கும் வெளிநாட்டவரும் உள்ளே வரக் கூடாது. அறிவிப்பிலேயே இது தற்காலிக ஏற்பாடு என்று எழுதியிருந்தது. (பாஸ்போர்ட்டும் தற்காலிகமாகத் தான் வந்தது என்று மேலே பார்த்தோம்.)

அந்தத் தற்காலிகம் இந்திய மாணவர்களுக்கு 2 வருடம் 5 மாதம் நீடித்தது.

சரக்கு வந்தது

இந்த இடத்தில் துறைமுகத்தைக் கொஞ்சம் எட்டிப் பார்க்க வேண்டும். 2020 பிப்ரவரியில் சென்னைத் துறைமுகத்துக்குச் சீனாவில் இருந்து வந்த பொம்மைக் கன்டெய்னர் ஒன்றைத் திறந்தால் உள்ளே உயிரோடு ஒரு பூனை! அதைச் சீனாவுக்கே திருப்பி அனுப்ப வேண்டும் என்று அதிகாரிகள் சொல்ல, விலங்கு நல அமைப்பு எதிர்க்க, செய்தித்தாளில் எல்லாம் வந்தது. பாஸ்போர்ட் இல்லாமல் வந்த அந்தப் பூனையைச் சீனாவுக்கு அனுப்பத் துடித்தார்கள். பாஸ்போர்ட், விசா, கட்டிய பீஸ் ரசீது எல்லாம் வைத்திருந்தவர்களை யாரும் அனுப்பவில்லை.

2020 ஜூன் 15 கல்வான் மோதலுக்குப் பிறகு சில வாரம் சென்னைத் துறைமுகத்தில் சீனச் சரக்குகளைச் சுங்கத் துறை நிறுத்தி வைத்து ஒவ்வொன்றாகச் சோதித்தது. பிறகு அதுவும் ஓடத் தொடங்கியது. 2021-ல் இரு நாட்டு வர்த்தகம் 12,500 கோடி டாலரைத் தாண்டியது. அதுவரை இல்லாத உச்சம். மாணவர்கள் வீட்டில் உட்கார்ந்திருந்த அதே வருடத்தில்! பேலன்ஸ் ஷீட்டில் இரண்டு நாடுகளுக்கும் உறவு நன்றாகவே இருந்தது. மனிதர்கள் விஷயத்தில் மட்டும் தான் கதவு மூடியிருந்தது.

கதவு எல்லாருக்கும் ஒரே மாதிரி மூடவில்லை என்பது தான் எரிச்சல். 2020 ஆகஸ்டிலேயே தென் கொரிய மாணவர்களை அனுமதித்தார்கள். செப்டம்பர் 28 முதல் வேலை, குடும்பக் காரணங்களுக்குத் தங்கும் அனுமதி வைத்திருந்தவர்களுக்குக் கதவு திறந்தது. படிப்புக்கான அனுமதி அந்தப் பட்டியலில் இல்லை. நவம்பரில் இந்தியாவில் இருந்து வருபவர்களுக்கு மறுபடி தடை. 2021 மார்ச் 15 அன்று ஒரு சலுகை: சீனத் தயாரிப்புத் தடுப்பூசி போட்டவர்களுக்கு விசா எளிதாகும். நல்ல செய்தி தானே என்றால், இந்தியாவில் சீனத் தடுப்பூசியே கிடையாது. கோவிஷீல்டும் கோவாக்சினும் தான். இல்லாத ஊசியைப் போட்டுக் கொண்டு வா என்று சொல்வதற்குப் பேசாமல் வராதே என்று சொல்லியிருக்கலாம்.

மற்ற நாடுகள் என்ன செய்தன? ஆஸ்திரேலியாவும் 2020 மார்ச் 20 முதல் மாணவர்களை உள்ளே விடவில்லை. 2021 டிசம்பர் 15 அன்று தான் திறந்தது. ஆனால் கொரோனாவால் படிப்பு முடியாமல் விசா காலாவதி ஆனால் மறுபடி விண்ணப்பிக்கக் கட்டணம் இல்லை, வெளியே இருந்து ஆன்லைனில் படித்த காலமும் பிறகு கிடைக்கும் வேலை விசாவுக்குக் கணக்கில் சேரும் என்று 2020 ஜூலையிலேயே சொல்லி விட்டது. அமெரிக்காவோ அதே ஜூலையில் தலைகீழாகப் போனது. வகுப்பு முழுக்க ஆன்லைன் என்றால் மாணவர் நாட்டை விட்டுக் கிளம்ப வேண்டும் என்று 6-ம் தேதி உத்தரவு. ஹார்வர்டும் எம்ஐடியும் வழக்குப் போட, 14-ம் தேதி வாபஸ். ஒரு நாடு ஆன்லைனில் படிக்கிறாயே வெளியே போ என்கிறது, இன்னொரு நாடு வெளியே இருக்கிறாயே ஆன்லைனில் படி என்கிறது!

ஆன்லைனில் பிணவறை

காமர்ஸ் பாடத்தை ஆன்லைனில் படித்து விடலாம். ஓரளவுக்கு. அனாடமியை? பிரசவத்தை? சீனப் பல்கலைக்கழகங்கள் வகுப்பை இணையத்தில் நடத்தின, பீஸும் வாங்கின. அங்கே மருத்துவமனையில் நோயாளியின் பக்கத்தில் நின்று கற்க வேண்டிய வருடங்களில் மாணவர்கள் வீட்டு ஹாலில் லேப்டாப் முன்னால் இருந்தார்கள்.

விசா பிரச்சனை டிகிரி பிரச்சனையாக மாறியது இங்கே தான். 2021 நவம்பர் 18 அன்று தேசிய மருத்துவ ஆணையம் வெளிநாட்டில் மருத்துவம் படிப்பவர்களுக்குப் புதிய விதிகள் வெளியிட்டது. குறைந்தது 54 மாதப் படிப்பு, அதே கல்லூரியில் 12 மாதப் பயிற்சி, 10 வருடத்துக்குள் எல்லாம் முடிய வேண்டும். 2022 பிப்ரவரி 8 அன்று இன்னொரு எச்சரிக்கை: சீனா விசா கொடுக்காமல் இருக்கிறது, முழுக்க ஆன்லைனில் படித்த மருத்துவப் படிப்பை அங்கீகரிக்க மாட்டோம். விதியாகப் பார்த்தால் சரியான விதி தான். நோயாளியையே தொடாத டாக்டரிடம் யார் போவார்கள்? ஆனால் சீன அரசு உள்ளே விடவில்லை, இந்திய ஆணையம் வெளியே படித்ததை ஏற்கவில்லை. நடுவில் நின்றவர்களின் தப்பு என்ன? லீவுக்கு அம்மாவைப் பார்க்க வந்தது!

இந்த வழக்கு முதலில் நடந்தது பாரிமுனையில் இருக்கும் சென்னை உயர் நீதிமன்றத்தில் தான். சீனாவில் படித்து, கடைசிக் கட்ட மருத்துவமனைப் பயிற்சியை ஆன்லைனில் முடித்தவர்கள் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலில் தற்காலிகப் பதிவு கேட்டு வந்தார்கள். உயர் நீதிமன்றம் அவர்கள் பக்கம் சாய்ந்தது. ஆணையம் உச்ச நீதிமன்றம் போனது. 2022 ஏப்ரல் 29 அன்று தீர்ப்பு. நேரில் பயிற்சி இல்லாதவருக்குப் பதிவு கொடுக்க ஆணையத்தைக் கட்டாயப்படுத்த முடியாது, ஆனால் இவர்களின் திறமையை வீணாக்கவும் கூடாது, ஆகவே இரண்டு மாதத்துக்குள் ஒரு திட்டம் போடு என்றது நீதிமன்றம். ஜூலை 28 அன்று திட்டம் வந்தது. இறுதியாண்டில் ஊருக்கு வந்து, 2022 ஜூன் 30-க்குள் படிப்பு முடிந்த சான்றிதழ் வாங்கியவர்கள் தகுதித் தேர்வு எழுதலாம். பாஸ் செய்தால் ஒரு வருடத்துக்குப் பதில் இரண்டு வருடம் பயிற்சி. ஒரே ஒரு முறை மட்டும்.

தகுதித் தேர்வு என்று ஒரு வரியில் சொல்லி விட்டோம். 2015 முதல் 2021 வரை சீனாவில் படித்து அந்தத் தேர்வை எழுதியவர்கள் 40,417 பேர். பாஸ் செய்தவர்கள் 6,387. அதாவது 16 சதவீதம். சீனாவில் இருக்கும் இந்தியத் தூதரகமே 2022 செப்டம்பரில் வெளியிட்ட கணக்கு இது. அதில் பெரும்பகுதி நேரில் போய்ப் படித்த காலத்துக் கணக்கு என்பதை நினைவில் வையுங்கள்.

மீண்டும் எக்ஸ்1

இறுதியாண்டு அல்லாதவர்களுக்குத் திரும்பிப் போவதைத் தவிர வழியில்லை. "எங்களைச் சீனாவுக்கு அழைத்துக் கொள்ளுங்கள்" என்று ட்விட்டரில் ஹேஷ்டேக் போட்டுக் கத்தினார்கள். 2022 மார்ச் 25 அன்று சீன வெளியுறவு அமைச்சர் வாங் யீ டெல்லி வந்தபோது ஜெய்சங்கர் மாணவர் விஷயத்தை எடுத்தார். இந்தியாவும் பதிலுக்குச் சீனர்களின் சுற்றுலா விசாக்கள் செல்லாது என்று வைத்திருந்தது. ஏப்ரல் 29 அன்று, அதாவது உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்த அதே நாளில், பெய்ஜிங்கில் உள்ள இந்தியத் தூதரகம் திரும்ப விரும்புபவர்கள் மே 8-க்குள் கூகிள் ஃபார்மில் பெயர் கொடுங்கள் என்றது. இரண்டு வருடப் போராட்டம் கடைசியில் ஒரு கூகிள் ஃபார்மில் வந்து நின்றது!

ஆகஸ்ட் 22 அன்று டெல்லியில் உள்ள சீனத் தூதரகம் அறிவித்தது. 24 முதல் எக்ஸ்1 விசா விண்ணப்பங்கள் வாங்கப்படும். புது மாணவர் என்றால் சேர்க்கைக் கடிதம். பழைய மாணவர் என்றால் "வளாகத்துக்குத் திரும்பலாம்" என்று பல்கலைக்கழகம் கொடுக்கும் சான்றிதழ். இது எல்லாப் பல்கலைக்கழகமும் ஒரே வேகத்தில் கொடுக்கும் காகிதம் இல்லை. அந்தந்த மாகாண நிலவரம், அந்தந்தக் கல்லூரி அலுவலகம். சென்னையில் சீனத் தூதரகமும் கிடையாது, பாஸ்போர்ட் டெல்லிக்குப் போக வேண்டும்.

விசா கிடைத்தவர்களுக்கு அடுத்த சிக்கல், விமானம் இல்லை. இரு நாட்டுக்கும் நேரடி விமானம் 2020-ல் நின்றது தான். ஹாங்காங் வழியாகவும் வேறு நாடுகள் வழியாகவும் சுற்றிக் கொண்டு போக வேண்டும். டிக்கெட் விலை பல மடங்கு. இறங்கியதும் ஹோட்டலில் 7 நாள், பிறகு 3 நாள் தனிமை, அதுவும் சொந்தச் செலவில். ரஜூலாவில் போனவர்கள் செயின்ட் ஜான்ஸ் தீவில் இருந்த மாதிரி. அந்தக் குவாரன்டைன் 2023 ஜனவரி 8 அன்று தான் முழுக்க நீங்கியது. போக முடியாமல் போனவர்களில் இறுதியாண்டுக்காரர்களுக்கு மத்திய அரசு 2023 மார்ச்சில் இன்னொரு கடைசி வாய்ப்புக் கொடுத்தது. இந்தியக் கல்லூரியில் சேராமலே இறுதியாண்டுத் தேர்வுகளை எழுதலாம் என்று.

அமெரிக்க வரிசையும் இதற்குள் இன்னும் நீண்டு விட்டது. 2025 செப்டம்பரில், சொந்த நாட்டிலோ வசிக்கும் நாட்டிலோ தான் விசாவுக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்று அறிவித்தார்கள். மெக்சிகோ போகலாம், துபாய் போகலாம் என்று பலர் நம்பியிருந்த வழி அதோடு அடைபட்டது. அதே டிசம்பரில் சமூக வலைத்தளச் சோதனை என்று சொல்லி, ஸ்டாம்பிங்குக்காகச் சென்னைக்கும் ஹைதராபாத்துக்கும் வந்திருந்த எச்1பி-காரர்களின் தேதிகளை மாதக் கணக்கில் தள்ளிப் போட்டார்கள். இரண்டு வார லீவு போட்டு விட்டு வந்தவர்கள் அவர்களும்.

இந்தியாவுக்கும் சீனாவுக்கும் நேரடி விமானம் மறுபடி பறந்தது 2025 அக்டோபர் 26 இரவு. கொல்கத்தாவில் இருந்து குவாங்சோவுக்கு இண்டிகோ. சீனாவில் எம்பிபிஎஸ் மொத்தம் 6 வருடம். 2019 செப்டம்பரில் முதலாம் ஆண்டு சேர்ந்து, முதல் குளிர்கால லீவுக்கே ஊருக்கு வந்து மாட்டியவர்களின் 6 வருடக் கணக்கு அந்த விமானம் கிளம்புவதற்கு முன்பே முடிந்து விட்டிருந்தது.